ஊதாக்காவின் வலது கண்

அந்தப் பட்டறையில் அவளுக்கு ஊதாக்கா என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

மைக்ராஸ்கோப் செய்கிற பட்டறை அது. இருபத்தாறு வருடமாக ஊதாக்காவுக்கு ஒரே வேலை. கறுப்புப் பூச்சில் மெல்லிய கோடுகள் கீறிய ஒரு கண்ணாடித் துண்டு அவளிடம் இருக்கும். தயாராகி வரும் ஒவ்வொரு லென்ஸ் வழியாகவும் அந்தக் கீறல்களைப் பார்ப்பாள். கீறலின் ஓரம் வெள்ளைவெளேர் என்று இருந்தால் "சுத்தம்" என்பாள். மயிரிழை பச்சையை மன்னித்துவிடுவாள். ஓரத்தில் கத்தரிப்பூ நிறம் கசிந்தாலோ, "ஊதா!" என்று ஒரே கத்தல். கீழ்த்தளத்து அச்சுக்கூடம் வரை கேட்கும்.

அந்தக் கத்தலுக்கு முதலில் பதறுகிறவர் அவளுடைய வீட்டுக்காரர். லென்ஸ்களை ஒட்டுவது அவர்தான்.

ஒற்றைக் கண்ணாடியால் வெளிச்சத்தை ஒரே இடத்தில் குவிக்க முடியாது. ஊதாவை அதிகமாக வளைக்கும், சிவப்பைக் குறைவாக வளைக்கும். அதனால் பார்க்கும் பொருளின் ஓரமெல்லாம் சாயம் போன துணி மாதிரி ஆகிவிடும். அதைச் சரிசெய்ய, நடுவில் புடைத்த லேசான கண்ணாடியோடு, நடுவில் குழிந்த கனமான கண்ணாடி ஒன்றைச் சேர்த்து ஒட்டுவார்கள். முதலாவது பிரித்த நிறங்களை இரண்டாவது கூட்டிச் சேர்க்கும். ஆனால் குவிக்கும் சக்தியை முழுவதும் அழித்துவிடாது. பார்க்க வருகிறவர்களுக்கு ஒட்டுக்காரர் இதை விளக்குவார்.

"இதுல நீங்க எந்தக் கண்ணாடி, அக்கா எந்தக் கண்ணாடி?" என்று ஒருவர் ஒருமுறை வம்புக்கு இழுத்தார்.

"நான் நடுவுல இருக்கிற பசைங்க. ரெண்டு பக்கமும் நசுங்குறவன்."

சிரித்தவர்களில் ஊதாக்காவும் ஒருத்தி. ஆனால் அவர் ஒட்டியதில் குறை இருந்தால் விடமாட்டாள். கட்டின புருஷன் என்ற சலுகை எல்லாம் வீட்டில்தான்.

ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்கே கண்ணில் புரை விழுந்தது. முதலில் வலது கண்ணுக்கு அறுவை செய்து, உள்ளே புது லென்ஸ் வைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று எதிரே நின்ற கணவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னங்க, புதுச் சட்டையா?"

"அஞ்சு வருஷமா இதைத்தான் போடுறேன்."

"இது சந்தனக் கலர்ல இல்ல இருந்துச்சு?"

"சட்டை வெள்ளைதான். உன் கண்ணைத்தான் யாரோ சந்தனத்துல முக்கி வச்சிருந்தாங்க."

இருவரும் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் சிரித்தார்கள். ஐயோ, அந்தச் சிரிப்புக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று அப்போது அவர்களுக்கு எப்படித் தெரியும்!

ஒரு மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பிய நாளில் பட்டறையே பரபரப்பாக இருந்தது. நர்சிங் கல்லூரி ஒன்றுக்கு அறுபது மைக்ராஸ்கோப்புகள் போக வேண்டும். நாற்பத்தொன்பதை அறுவைக்கு முன்பே அவள் பார்த்து முடித்திருந்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் அவள் கையெழுத்திட்ட சீட்டு இருந்தது. மீதி பதினொன்றை மட்டும் பார்த்துவிட்டால் மூன்று மணிக்கு வேன் கிளம்பிவிடும்.

முதல் லென்ஸை வைத்து, புதுக் கண்ணால் குனிந்து பார்த்தாள்.

"ஊதா!"

இரண்டாவது ஊதா. மூன்றாவது, நான்காவது... பதினொன்றும் ஊதா.

ஒட்டுக்காரர் பசைக்கையோடு ஓடிவந்தார். "உனக்குக் கண்ணு புதுசா வந்துச்சுன்னா, எனக்குக் கை கெட்டுப் போச்சுன்னு அர்த்தமா?"

"நான் உங்களைச் சொல்லல. லென்ஸைச் சொல்றேன்."

"லென்ஸ் ஒழுங்காத்தான் இருக்கு. உன் கண்ணுக்குள்ள வச்சிருக்காங்களே, அது ஒத்தை லென்ஸ். அதுக்கு ஏது ஜோடி? ஊதா அங்கேர்ந்துதான் வருது. இது தெரியாம இருபத்தாறு வருஷம் என்னத்தைப் பார்த்தே?"

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத்தான் அவளுக்குப் பட்டது. அறுவை செய்யாத இடது கண்ணால் பார்த்தாள்: சுத்தம். வலது கண்ணால் பார்த்தாள்: ஊதா. ஒரே முகத்தில் இரண்டு சாட்சிகள்! யாரை நம்புவது?

மதியம் அவர் அவளுடன் உட்கார்ந்து சாப்பிடவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டார்.

ஊதாக்கா சாப்பிடவே இல்லை. பழுது பார்க்கும் அலமாரியில் பதினைந்து வருடத்துக்கு முன் அவளே பார்த்து அனுப்பிய ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. திருகு உடைந்து திரும்பி வந்தது. அதை எடுத்து அதே கீறல்களின் மேல் வைத்தாள். வலது கண்ணை வைத்தாள்.

ஓரமெல்லாம் பால் வெள்ளை.

ஆக, புதுக் கண் பொய் சொல்லவில்லை. பழைய லென்ஸ் நல்ல லென்ஸ். புது லென்ஸ்களில்தான் குறை. கனமான கண்ணாடியை இரண்டு வருடமாக வேறு ஆளிடம் வாங்குகிறார்கள். பார்வைக்கு அப்படியே பழைய கண்ணாடிபோல இருந்தாலும், அதற்கு நிறங்களைச் சேர்க்கும் சக்தி போதவில்லை. முதல் மாதிரியைப் பார்த்து "சுத்தம்" என்று சொன்னவள் அவளேதான். மஞ்சள் படிந்த அவள் கண், ஊதாவை உள்ளே விடவே இல்லை.

அப்போதுதான் போன வருடம் வந்த ஒரு போன் நினைவில் வந்து அறைந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பேசினாள். "செல்லைச் சுத்தி ஊதாக் கோடு தெரியுதுங்க. நாங்க போடுற சாயமா, லென்ஸான்னு புரியல." அதற்கு ஊதாக்கா பட்டறையே கேட்கச் சொன்ன பதில்: "எங்க லென்ஸ்ல ஊதா வராதும்மா. முதல்ல உன் கண்ணைப் போய்க் காட்டு!"

அன்று எல்லோரும் சிரித்தார்கள். இன்று அவளுக்குக் கண் நிறைந்து கீறல்கள் மறைந்துபோயின.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. கல்லூரிப் பிள்ளைகள் ஊதாவைக் கண்டார்களா? சொன்னாலோ, இருபத்தாறு வருடப் பெயர் ஒரே நொடியில் போகும். அவளுடைய பெயர் மட்டுமா, அவருடைய பெயரும்தான்.

வேனில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. ஊதாக்கா முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, வண்டியை நிறுத்துங்க. நாற்பத்தொன்பதும் ஊதா. ரெண்டு வருஷமா போனது எல்லாமே ஊதா. நான்தான் பார்க்காம விட்டுட்டேன்."

முதலாளிக்கு முகம் வெளிறியது. "அக்கா... என்ன சொல்றீங்க?"

மாடிப்படியிலிருந்து டப்பாவோடு இறங்கிய ஒட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அவள் மேசைக்குப் போய்ப் பழைய லென்ஸையும் புதியதையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண்ணுக்கும் வயதாகியிருந்தது, வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் முப்பது வருடம் கூடவே வாழ்ந்தவளின் முகத்தில் எது உண்மை என்று அவருக்குத் தெரியும்.

"ஒட்டினது நான்," என்றார் முதலாளியிடம். "தப்பு என்னுது. புதுக் கண்ணாடி வந்தப்பவே நிறுத்திக் கேட்டிருக்கணும்."

"நீங்க சும்மா இருங்க. பார்த்தது நான்."

"ஒட்டாம நீ எதைடி பார்த்திருப்பே?"

"நான் பார்க்காம நீங்க ஒட்டினது எப்படி வெளியே போயிருக்கும்?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா!" முதலாளி தலையில் கை வைத்தார். "தப்புக்கு இப்படியா போட்டி போடுவாங்க? முதல்ல பெட்டியை இறக்குங்க. கல்லூரிக்கு நான் சொல்லிக்கிறேன். வாங்கினவங்க எல்லாருக்கும் நீங்களே போன் பண்ணுங்க, அக்கா. மாத்திக் குடுக்கிறோம்னு சொல்லுங்க."

அவள் முதலில் தேடி எடுத்தது பரிசோதனை நிலையத்துப் பெண்ணின் எண்ணை. ஒட்டுக்காரர் முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, நான் மைக்ராஸ்கோப் பட்டறையிலேர்ந்து பேசுறேன். போன வருஷம் உன் கண்ணைக் காட்டச் சொன்னேனே... உன் கண்ணு நல்ல கண்ணும்மா. என் கண்ணுதான் கெட்டிருந்துச்சு. லென்ஸ்ல தப்பு. என்னை மன்னிச்சிடு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஒலி.

"மூணு டாக்டர்கிட்ட காட்டினேன், அக்கா. ஒண்ணுமில்லைன்னாங்க. பயத்துல, சந்தேகப்பட்ட ஸ்லைடை எல்லாம் பக்கத்து லேப்ல பார்த்துட்டுத்தான் ரிப்போர்ட்ல கையெழுத்து வச்சேன். என் வீட்டுக்காரர்கூட எனக்கு மனப்பிராந்தின்னு சொல்லிட்டார்."

"அடக் கடவுளே..."

"அக்கா, வச்சிடாதீங்க. அவர் இங்கேதான் இருக்கார். இப்ப எனக்குச் சொன்னதை அப்படியே அவருக்கும் சொல்லுங்க."

"சொல்றேன்ம்மா. கூப்பிடு."

ஒரு ஆண்குரல் "யாருங்க?" என்றது. ஊதாக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கீழ்த்தளத்து அச்சுக்கூடம் வரை கேட்கும் குரலில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.