சாகக் கூடாத வீடு

ராஜபாளையத்தில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வளவுக்குள் இருக்கிறது நாங்கள் குடியிருக்கும் வீடு. ஒரே வாசலுக்குள் வரிசையாக நான்கு குடித்தனம். முன்னால் வீட்டுக்காரர், அவரை ஒட்டி நாங்கள், எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடும்பம். யார் வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் வீட்டுக்காரரின் நாற்காலியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். என் பையில் கத்தரிக்காயா வெண்டைக்காயா என்பதுகூட அவருக்குத் தெரியும். எங்கள் பங்குக்கு ஒரு அறை, ஒரு அடுப்படி, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் அடுத்த வீட்டுச் சுவர். காற்று வராது, கொசு மட்டும் எப்படியோ வழி கண்டுபிடித்து வந்துவிடும்.

குறை சொல்லிக்கொண்டே இருப்போம், ஆனால் காலி செய்ய மாட்டோம். இந்தத் தெருவில் எல்லாருமே அப்படித்தான். தையல்காரர்கள், லோடு ஏற்றுகிறவர்கள், பேண்டேஜ் துணி மடிக்கிற பெண்கள். ஊருக்கு நடுவில் இந்த வாடகைக்கு வேறு எங்கே போவது? என் மனைவியின் மில் வேன் தெருமுனையில் வந்து நிற்கும். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிற வேலை. தெருவை விட்டு இறங்கினால் பஸ்.

அம்மா போன பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். ஆலங்குளம் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டைத் தங்கை கல்யாணத்துக்கு எப்போதோ விற்றாயிற்று. வந்த புதிதில் அவருக்கும் வீட்டுக்காரருக்கும் நல்ல பழக்கம். காலையில் இருவரும் ஒரே பேப்பரைப் பிரித்து ஆளுக்குப் பாதியாகப் படிப்பார்கள், கட்சிச் சண்டை போடுவார்கள், சேர்ந்தே டீக்குப் போவார்கள். பிறகு அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கண்ணும் மங்கியது. ஒரு மழைக்காலத்தோடு கட்டிலில் விழுந்தவர் எழவில்லை. இனி மருந்தில் ஒன்றும் இல்லை, வீட்டிலேயே வைத்து நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சொந்த வீடு உள்ளவர்களுக்குச் சொல்வதை எங்களுக்கும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

மறுநாள் வீட்டுக்காரர் என்னை வாசலில் நிறுத்தினார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்.

"தப்பா நெனைக்காதீய தம்பி. பெரியவிய இன்னும் நூறு வருசம் இருக்கட்டும். ஆனா நான் இந்த வாடகைய வச்சுத்தான் சோறு திங்கேன். நாளு மட்டும் பாத்துக்கிடுங்க."

கல்யாணத்துக்கு நாள் பார்க்கச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அவர் பயந்தது அடைப்புக்கு. சில நட்சத்திரங்களில் ஒருவர் இறந்துபோனால் அது அடைப்பு. இறந்த இடத்தை நட்சத்திரத்துக்குத் தக்கபடி இரண்டு மாதமோ ஆறு மாதமோ பூட்டிப் போட வேண்டும். பெரிய வீடு என்றால் அந்த ஒரு அறையைப் பூட்டிவிட்டு மற்ற அறைகளில் இருந்துகொள்ளலாம். எங்களுக்கு இருப்பதே ஒரு அறைதான். அதைப் பூட்டினால் நாங்கள் தெருவில். அப்படிப் பூட்டித் திறந்த வீட்டுக்கு யாரும் குடிவர மாட்டார்கள், அதனால் வீட்டுக்காரரும் கிட்டத்தட்டத் தெருவில். எனக்கு இதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன? சாவி அவருடையது.

வேறு வீடு தேடினேன். வேலை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் தெருத் தெருவாக அலைந்தேன். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, எத்தனை பேர். மூன்று பேர், அப்பா கட்டிலில் இருக்கிறார் என்று சொன்ன உடனே, காலியாகக் கிடந்த வீட்டுக்குச் சென்னையிலிருந்து மகன் குடும்பத்தோடு வரப்போவது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடும். மடவார் வளாகத்தில் ஒரு அம்மா மட்டும் வெளிப்படையாகப் பேசினார். காற்றோட்டமான மாடி வீடு, பெரிய ஜன்னல். பெரியவர் காரியமெல்லாம் முடித்துவிட்டு வாங்க, அதுவரை வீட்டை வைத்திருக்கிறேன் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த ஜன்னலையே நினைத்துக்கொண்டு வந்தேன். எதற்காகக் காத்திருக்கச் சொன்னார் என்பது ராஜபாளையம் நெருங்கும் போதுதான் உறைத்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். பொய். அங்கேயே உறைத்தது. உறைத்த பிறகும் ஜன்னலைத்தான் நினைத்தேன்.

பிறகு வீடு தேடுவதை விட்டுவிட்டேன். தினமும் காலையில் எழுந்ததும் காலண்டரில் நட்சத்திரம் பார்ப்பேன். வீட்டுக்காரரும் அவர் வீட்டில் பார்த்துவிட்டுத்தான் வருவார். நல்ல நட்சத்திரம் என்றால் வாசலில் நின்று சும்மா ஒரு வணக்கம். அடைப்பு நட்சத்திரம் என்றால் உள்ளே வந்து, "பெரியவிய எப்படி இருக்காவ?" என்று கேட்பார், அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நிற்பார். என் மனைவி மில்லிலிருந்து வந்ததும் கேட்பதும் அதேதான். எங்கள் மூன்று பேரின் மூச்சும் அப்பாவின் மூச்சில் மாட்டிக்கொண்டிருந்தது. அவரைத் தனியே விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போகக்கூட பயம். விடுமுறை போட்டுப் போட்டு, கடை முதலாளி முகத்தில் விழிக்கவே கூசியது.

இதெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரே அறையில் ரகசியம் ஏது? ஒரு நாள் காலையில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"இன்னைக்கு நாளு எப்படிய்யா?"

நல்ல நாள்தான் அப்பா என்றேன். அன்றைக்கு உண்மையிலேயே நல்ல நாள். அவர் முகம் தெளிந்தது, இரண்டு வாய் கூடுதலாகக் குடித்தார். அதற்குப் பிறகு தினமும் கேட்டார். அடைப்பு நாள் என்று ஒருமுறை உண்மையைச் சொல்லிவிட்டேன். அன்று முழுக்கக் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, தூங்கப் பயந்து, கண்ணைத் திறந்தே கிடந்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து எல்லா நாளும் நல்ல நாள்தான் என்று சொல்லிவந்தேன். அவர் நிம்மதியாகத் தூங்கினார். காவலை நான் ஏற்றுக்கொண்டேன்.

அன்றைக்குப் பூரட்டாதி. சுத்தமான அடைப்பு, ஆறு மாதம். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். வழக்கம்போல அப்பா கேட்டார், வழக்கம்போல நானும் சொன்னேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது. அப்படின்னா சரி என்றார். கஞ்சி வேண்டாம் என்று தலையசைத்தார். என் கையைத் தேடிப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே இருக்கச் சொன்னார். மூச்சு நீளமாகப் போய், நின்று, யோசித்துத் திரும்பி வந்தது. அவருக்குப் பயமே இல்லை. இவ்வளவு நாளும் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ஒன்றுக்கு அன்று சம்மதித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. வீட்டில், மகன் பக்கத்தில், நல்ல நாளில். அவர் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

வாசலில் நிழல் தட்டியது. வீட்டுக்காரர் உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆட்டோ சொல்லட்டுமா தம்பி?" என்றார்.

சொல்லுங்க என்றேன். யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

நானும் ஆட்டோ ஓட்டும் பாயும் அப்பாவைத் தூக்கினோம். எடையே இல்லை. வாசலைத் தாண்டியதும் வெயில் முகத்தில் பட்டுக் கண்ணைத் திறந்தார். ஆட்டோவில் என் மடியில் சாய்த்துக்கொண்டேன். அரசு ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற இடத்தில் அவர் உதடு அசைந்தது. காதைக் கொண்டுபோனேன்.

"நல்ல நாளுன்னு சொன்னியேய்யா. பொறவு எதுக்கு என்னைய வெளிய கொண்டு போற?"

ஆஸ்பத்திரி வந்துவிட்டதா என்று வெளியே பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் மறுபடியும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

வெளியே இறந்தவர்களை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அதனால் தெருவில் பந்தல் போட்டு அப்பாவைக் கிடத்தினோம். வீட்டுக்காரர் பம்பரமாகச் சுழன்று எல்லாம் செய்தார். தன் வீட்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார், பெரிய மாலையாக வாங்கிவந்தார், அப்பாவின் காலைத் தொட்டு வாய்விட்டு அழுதார். நடிப்பில்லை. பேப்பரில் பாதி படித்த சிநேகிதர் போய்விட்டார் அல்லவா. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் கைவைத்தார்.

"பெரியவிய நல்ல மனுசன் தம்பி. யாருக்கும் ஒரு சங்கடம் வைக்காமப் போயிட்டாவ."

அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் என்று உடம்பெல்லாம் எரிந்தது. ஆமா அண்ணாச்சி என்றேன். காரியம் முடிந்து வந்து தலை முழுக நான் திறக்க வேண்டியது அவர் வளவுக் குழாயைத்தான்.