பேணிக்குள் ஒரு மருந்துக்கடை

ஆயிரம் பேரைக் கொன்றால்தான் அரை வைத்தியர் என்பார்கள். நான் ஒருவரையும் கொல்லாமலே வட்டுக்கோட்டையில் அந்தப் பட்டத்தை எடுத்திருந்தேன். என் மருந்துக்கடை மூடி போட்ட ஒரு தகரப் பிஸ்கற் பேணி. கனடாவிலிருந்து வந்த தங்கை கொடுத்தது. பிஸ்கற் ஒரு கிழமையில் முடிந்தது. பேணிக்குள் குளிசைகள் குடியேறின.

எல்லாம் மிச்சக் குளிசைகள். டாக்டர் ஏழு நாளைக்கு எழுதினால் எங்கள் வீட்டில் மூன்று நாள்தான் விழுங்குவோம். காய்ச்சல் விட்ட பிறகும் மருந்து குடிப்பது எனக்கு வீணாகப்படும். என் கணவர் ஒழுங்கான மனிதர், முடிக்கத்தான் பார்ப்பார். நான் அட்டையைப் பறித்துவிடுவேன்.

"சுகமாயிட்டுதெல்லே? மிச்சம் ஆருக்கும் உதவும்."

உதவியும் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவாலய வாசலில் என்னைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் நிற்கும். ஆத்துமத்துக்குப் போதகர், வயிற்றுக்கு நான்.

போன மாரியில் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. வயிறும் சரியில்லை. பேணியைத் திறந்து வெள்ளைக் குளிசையில் இரண்டு நாள், அது கேட்காமல் மஞ்சளில் இரண்டு நாள் கொடுத்தேன். ஐந்தாம் நாள் அவரால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. என் பட்டத்துக்கு வேண்டிய ஆயிரத்தில் முதலாவது ஆள் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாரோ என்று பயந்துபோனேன்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். நெருப்புக் காய்ச்சல், அதுதான் தைபோயிட். வாட்டு டாக்டர், என் மகள் வயதுப் பெண், கேட்டாள்: "அம்மா, இதுக்கு முதல் என்ன மருந்து குடுத்தனீங்கள்?"

பெயர் தெரிந்தால்தானே சொல்ல! ஓட்டோ பிடித்துப் போய்ப் பேணியையே கொண்டுவந்தேன். அவள் அட்டை அட்டையாக எடுத்துப் பரிசோதனைத் தாளோடு ஒத்துப் பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உந்தப் பேணியிலை இருக்கிற ஒண்டும் இந்தக் கிருமிக்குக் கேளாது. முந்தி நல்லாக் கேட்ட மருந்துகள்தான்."

"என்ரை பேணியாலேயோ பிள்ளை?"

"உங்கடை மட்டுமில்லை அம்மா. வீட்டுக்கு வீடு ஒரு பேணி இருக்கு. அரைகுறையாக் குடிச்சா, தப்பின கிருமி மருந்துக்குப் பழகிடும். இனி ஒரு வகை ஊசி, பிறகு ஒரு வகைக் குளிசை, அவ்வளவுதான் மிச்சம். அதுகள் கேக்கோணும்."

கேக்கோணும் என்றாள், கேட்கும் என்று சொல்லவில்லை. மூன்று நாள் வாட்டு வாசலில் வாங்குப் பலகையில் இருந்து ஜெபித்தபோதெல்லாம் அந்தச் சொல்தான் குறுக்கே வந்தது. நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. "இடியப்பம் கொண்டு வந்தனீரோ?" என்று அவர் கேட்டதும் அழுதுவிட்டேன். நாங்கள் வீட்டுக்கு வெளிக்கிடும்போது டாக்டர் பேணியை வெறுமையாக்கித்தான் திருப்பித் தந்தாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பழக்கதோஷம், என் கை அவருடைய அட்டைப் பக்கம் போனது. அவர் அதைப் பொத்திக்கொண்டார்.

"இஞ்சாரும், இதிலை மட்டும் கை வையாதையும்."

டாக்டர் எழுதின நாள் முடிய, கடைசிக் குளிசையையும் விழுங்கிவிட்டு, வெறும் அட்டையைப் பேணிக்குள் போட்டு மூடினார். குறும்புக்காரர்.

அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டு அக்கா வயிற்றைப் பிடித்தபடி வந்தா.

"தங்கச்சி, அந்த மஞ்சளிலை ரெண்டு தாவன்."

பேணியைத் திறந்து காட்டினேன்.

"இவர் ஒண்டும் மிச்சம் வைக்கேல்லை அக்கா. சீலையை மாத்துங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம்."