ஆவணியில் பார்த்த வெறுங்காணி

அலுவலகத்துக்காக நான் தயாரித்த வரைபடத்தில் நெடுங்கேணிக்கு அப்பால் ஒரு துண்டு கடுஞ்சிவப்பாக இருந்தது. சூரிய மின்சார நிலையம் அமைக்க மிகப் பொருத்தமான இடங்களுக்கு நான் கொடுத்த நிறம் அது. வெயில், நிலத்தின் சரிவு, வீதிக்கும் மின்கம்பிக்கும் உள்ள தூரம், காணியின் பயன்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு, முக்கியமானதற்குக் கூடுதல் நிறை கொடுத்துக் கணினியில் கூட்டினேன். அந்தத் துண்டுதான் முதலாவதாக வந்தது. எனக்கோ தலைகால் புரியாத சந்தோசம். ஆவணியில் நேரே போயும் பார்த்தேன். ஆளும் இல்லை, பயிரும் இல்லை. வெறுங்காணி என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்பதை மட்டும் பார்க்க வேண்டியிருந்தது. மார்கழியில் மறுபடி போனால், கால் வைக்க இடமில்லாமல் மாடுகள். நடுவில் குடையோடு அவற்றின் சொந்தக்காரி, மாட்டுப் பட்டிக்கார அக்கா. என் வயதுதான் இருக்கும். ஆனாலும் என்னைத் தம்பி என்றே கூப்பிட்டார். வரைபடத்தை வாங்கி விரித்தார்.

"எங்கடை இடம் ஏன் சிவப்பு?"

"நல்ல இடம் எண்டு அர்த்தம், அக்கா."

"நல்ல இடந்தான். அதாலைதானே மாடு நிக்குது. நீங்கள் எப்ப வந்து பாத்தனீங்கள்?"

"ஆவணியிலை."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப மாடெல்லாம் வெட்டின வயலுக்கை மேயும். விதைச்சாப் பிறகு அங்கை விடேலாது, இஞ்சைதான் கொண்டுவாறனாங்கள். இது போச்செண்டா நான் பட்டியை வித்துப்போட்டு இருக்க வேண்டியதுதான்." கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முகில் இல்லாத படம் வேண்டுமென்று செய்மதிப் படத்தையும் நான் ஆவணியிலேயே எடுத்திருந்தேன். வருடத்தில் ஒரு மாதத்தைப் பார்த்துவிட்டு முழு வருடத்துக்கும் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

தரவை எனப்படும் மேய்ச்சல் நிலத்துக்கு எவ்வளவு புள்ளி கொடுப்பது என்று அலுவலகத்தில் பெரிய விவாதம் நடந்தது. புள்ளியே வேண்டாம், அப்படிப்பட்ட நிலத்தைக் கணக்கிலிருந்தே விலக்குவோம் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மேலதிகாரி முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். சிவப்பு நிறம் பக்கத்துக் குளத்துக்கு அப்பால் வேறொரு துண்டுக்கு மாறியது.

புதிய வரைபடத்தை நானே அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நன்றி சொல்வார் என்று உள்ளூர ஒரு ஆசை. அவர் தன் தரவையைத் தேடிப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு விரலை நகர்த்திப் புதிய சிவப்பில் வைத்தார்.

"இஞ்சை மாரியிலை ஆர் நிக்கிறது எண்டு கேட்டனீங்களோ, தம்பி?"

நான் கேட்டிருக்கவில்லை. வரைபடத்தை மடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பினேன்.