வியாழக்கிழமை டெக்கு

அந்தத் தெருவில் அவளுக்கு டெக்கு அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் தபால்காரரே தலையைச் சொறிவார். வீடியோ கேசட் வாடகைக் கடையில் கல்லாவில் உட்காரத்தான் வேலைக்குப் போனாள். முதலாளி மகா கஞ்சன், மெக்கானிக்கைக் கூப்பிட மனசு வராது. அதனால் கேசட் ஓட்டும் டெக்கின் ஹெட்டைத் துடைப்பதில் ஆரம்பித்து, சிக்கிய டேப்பை எடுப்பது, பெல்ட் மாற்றுவது என்று ஒவ்வொன்றாக அவள் தலையில் விழுந்தது. கடையை மூடியபோது அங்கே கிடந்த பழைய டெக்குகளையெல்லாம் வண்டியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். எனக்குப் படுக்க இடம் இருக்குமா என்று புருஷன் கேட்டான். கட்டிலுக்குக் கீழேதான் டெக்கு, மேலே நீங்கள்தான் என்றாள்.

வேலையில் அவளுக்கு ஒரே ஒரு விரதம். உள்ளே கையை விடுமுன் ப்ளக்கைப் பிடுங்கி, கண்ணெதிரே மேசைமேல் போட்டுக்கொள்வாள். கற்றுக்கொண்ட காலத்தில் ஒருமுறை வீட்டில் வைத்துப் பழகும்போது கரண்ட் தூக்கியடித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷன் தட்டில் போய் விழுந்தாள். அன்றைக்குப் பிடித்த பழக்கம், இப்போது மூளையைக் கேட்காமலே கை அதைச் செய்துவிடும்.

ரிட்டையரான பௌதிக வாத்தியார் ஒருவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். டெக்கைத் தூக்கிவர மாட்டாராம், இவள்தான் வீட்டுக்குப் போக வேண்டுமாம். போனாள். சுத்தமான, சத்தமில்லாத வீடு. ஹாலில் டி.வி.க்குக் கீழே, பூப்போட்ட துணி உறைக்குள் டெக்கு இருந்தது. உறை அவர் மனைவி தைத்தது. அந்த அம்மாள் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

விஷயத்தை வாத்தியார் நேராகவே சொன்னார். அந்த அம்மாள் வியாழக்கிழமை தோறும் ஒரு தொடரைப் பதிவு செய்வாள். அதற்காக டெக்கில் டைமர் வைத்திருந்தாள். அவள் போனாள், தொடர் முடிந்தது, அந்தச் சேனலையே இழுத்து மூடியாயிற்று. டெக்குக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை. வியாழக்கிழமை சாயங்காலமானால் தானாக விழித்து, வெறும் புள்ளிமழையைப் பதிவு செய்துவிட்டுத் தூங்கப் போகும். மறுநாள் வாத்தியார் டேப்பைப் பின்னுக்கு ஓட்டி வைப்பார். கரண்ட் போனாலும் டெக்கு அணையக் கூடாதென்று அதற்கென்றே ஒரு பேட்டரி வாங்கி, டெக்கின் ப்ளக்கை அதில் செருகி வைத்திருந்தார்.

அக்கா டெக்கிலிருந்து ஓரடி பின்வாங்கினாள். அதை அவர் கவனித்துவிட்டார்.

"பேய்னு நெனைக்காதம்மா. நான் பௌதிகம் சொல்லிக் குடுத்தவன். அது வெறும் டைமர், எனக்குத் தெரியும். ஆனா அவ கையால செஞ்சதுல இன்னும் நடந்துட்டிருக்கறது இந்த வீட்ல இது ஒண்ணுதான்."

இப்போது டேப் உள்ளே திக்குகிறது, அதைச் சரி செய்ய வேண்டும். ஆனால் ப்ளக்கைப் பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் டைமர் அழிந்துவிடும். இதைச் சொல்லும்போது அந்த மனுஷர் கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

அக்கா ஒப்புக்கொண்டாள். மூடியைக் கழற்றிப் பார்த்தால், எதிர்பார்த்ததுதான், ரப்பர் பெல்ட் இளகித் தாராகிக் கிடந்தது. கரண்ட் ஓடுகிற பக்கம் அட்டையை வைத்து மறைத்துக்கொண்டு, ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து எடுத்தாள். புது பெல்ட் உட்கார்ந்தது. வாத்தியார் நிம்மதியாக டீ போட உள்ளே போனார். மூடியைப் பூட்டும்போது ஒரு ஸ்க்ரூ நழுவி, டிரான்ஸ்ஃபார்மர் ஓரமாகப் போய் விழுந்தது. அதை எடுக்க வலது கை இடுக்கியைத் தேடியது. இடது கை போய் ப்ளக்கைப் பிடுங்கி மேசைமேல் வைத்தது.

வைத்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அவசர அவசரமாக ஸ்க்ரூவை எடுத்துப் பூட்டி, ப்ளக்கைத் திரும்பச் செருகினாள். மணி காட்டுகிற இடத்தில் நாலு கோடுகள் மட்டும் மினுக் மினுக்கென்றன. அவ்வளவுதான், எல்லாம் துடைத்துக்கொண்டு போய்விட்டது. டீயோடு வாத்தியார் வரும் சத்தம் கேட்டதும், கோடுகள் தெரியாமல் துணி உறையை இழுத்து மூடினாள். டீயைக் குடித்தாளா, கீழே கொட்டினாளா, இன்றைக்குக் கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

வீட்டுக்கு வந்து நடந்ததைப் புருஷனிடம் சொன்னாள். வியாழக்கிழமை அந்தக் கிழவர் டெக்கின் முன்னால் காத்து உட்கார்ந்திருப்பாரே என்று புலம்பினாள். அவரிடமே சொல்லித் தொலைத்துவிடு என்றான் அவன். வியாழக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் போய்க் கதவைத் தட்டினாள்.

வாத்தியார் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் உறையை விலக்கி அந்தக் கோடுகளை வெகுநேரம் பார்த்தார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எத்தன மணிக்குனு சொல்லுங்க சார், அதே மாதிரி வச்சுக் குடுத்துடறேன்."

"ஏழு மணி. ஆனா வேண்டாம்மா. நீ வச்சா அது நீ வச்சதாயிடும்."

ஏழு தாண்டும் வரை கூட இருக்கச் சொல்லிக் கேட்டார். இத்தனை வருஷத்தில் டெக்கு விழிக்காத முதல் வியாழக்கிழமை, தனியாக இருந்து பார்க்கத் தெம்பில்லை என்றார். ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். விளக்குப் போட இருவருக்கும் தோன்றவில்லை. டெக்கின் கோடுகள் மினுங்கும்போதெல்லாம் அவர் முகம் தெரிந்து மறைந்தது.

சுவர்க் கடிகாரம் ஏழு அடித்தது.

டெக்கு டக்கென்றது. உள்ளே உருளை சுழல ஆரம்பித்தது. புது பெல்ட் டேப்பை வழுவழுவென்று இழுத்துக் கொடுத்தது. பதிவாகிறது என்பதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது.

அவர்தான் அமுக்கிவிட்டாரோ என்று அக்கா ரிமோட்டைத் தேடினாள். அது டி.வி.க்கு மேலே, இருவர் கைக்கும் எட்டாமல் கிடந்தது. டெக்கின் முகத்தில் அதே நாலு கோடுகள்தான் மினுங்கின. மணியே தெரியாத டெக்கில் டைமர் ஓடாது. இது அவள் அடித்துச் சத்தியம் செய்யக்கூடிய விஷயம்.

வாத்தியார் சந்தோஷப்படுவார் என்று நினைத்துத் திரும்பினாள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இத்தன வருஷமா நடந்தது அவ வச்சதும்மா," என்றார். "இது யாரு வச்சது?"

சொல்லிவிட்டு, தன் நாற்காலியை டெக்கை விட்டு விலக்கி, அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.