ஆடும் ஆமையும் நின்ற தேர்தல்

பள்ளிக்கூட நூலகத்தில் பூட்டிய பீரோவால் ஒரு தொல்லையும் கிடையாது. திறந்த பீரோதான் ஆளைக் கொல்லும். ‘நீங்கதான் தமிழ் டீச்சராச்சே’ என்று உங்கள் தலையிலும் யாராவது அந்தச் சாவியைக் கட்டியிருந்தால், நான் சொல்லவே வேண்டாம். எங்கள் திருத்தணிப் பள்ளியில் கூடுதலாக ஒரு கூத்து. வருஷா வருஷம் நான்கு புதுக் கதைப் புத்தகங்கள் வாங்கிப் போடுவோம். பிள்ளைகளே ஓட்டுப் போட்டு ஒன்றுக்குப் பரிசு தருவார்கள். ஜெயித்த கதையை எழுதியவருக்கு அம்மையார்குப்பத்துக் கைத்தறித் துண்டு போகும். விதி ஒன்றே ஒன்று: நான்கையும் படித்து என்னிடம் கதை சொன்னால்தான் ஓட்டு.

வேண்டுதல்

ஏழாம் வகுப்பு புவனா வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவள், ரகசியம் சொன்னாலும் ஹெட்மாஸ்டர் அறைவரை கேட்கும். இந்த வருஷம் வந்ததில் ஒன்று ஒரு ஆட்டின் கதை. அட்டை அழுதுவடியும், ஒருத்தரும் தொடவில்லை. புவனாதான் எடுத்தாள். மறுநாளே வகுப்பு வகுப்பாகப் போய் ஆட்டுக்கு ஓட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டாள். மற்ற மூன்றையும் எப்போதடி படிப்பாய் என்று கேட்டால் காதிலேயே வாங்கவில்லை. கிருத்திகைக்கு மலையேறிவிட்டு வந்து சொன்னாள்: “நல்ல புக்குதான் ஜெயிக்கணும், ஜெயிச்சா மொட்டை போட்டுக்கிறேன்னு முருகன்கிட்ட வேண்டிகினு வந்துட்டேன் மிஸ்.”

ரயிலேறிய ஆமை

ஆட்டுக்குப் போட்டி ஆமை. அந்த ஆமைக் கதைக்குத்தான் பிள்ளைகளிடம் அடிதடி. ஓட்டு நெருங்கும் நேரத்தில் அது காணாமல் போயிற்று. அது இல்லாமல் பாதிப் பேருக்கு ஓட்டே இல்லை. பீரோவைக் கவிழ்த்துத் தேடினேன், கண்ணில் பட்டவர்களை எல்லாம் திட்டினேன். கடைசியில் ஒரு பையன், “எங்க நைனா பையில கீது மிஸ்” என்றான்.

நைனாவுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. தினமும் ரயிலில் போய் வருபவர். மறுநாள் அவரே கொண்டுவந்து கொடுத்தார். அட்டையில் டீக்கறை. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் வாங்கினேன். மனிதர் கிளம்புகிற வழியாக இல்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார்: “எங்க பொட்டியில எல்லாருமே படிச்சி முடிச்சிட்டோம் டீச்சர், எங்களுக்கும் ஓட்டு உண்டுங்களா?”

பிஸ்கட்

ஆமைக் கட்சி பிஸ்கட் கொடுக்கிறது என்று புவனா புகார் கொண்டுவந்தாள். போய்ப் பார்த்தால், ஆறாம் வகுப்புச் சின்னப் பெண் ஒருத்தி இரண்டு கன்னமும் உப்ப நிற்கிறாள். ‘தின்னுட்டு ஆமைக்குத்தான் போடப்போறியா?’ என்று அதட்டினேன். நிதானமாக மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்: “பிஸ்கட்டு அவங்களுது மிஸ், ஓட்டு என்னுது.”

ஒரே ஓட்டு

புவனா கடைசிவரை ஆமையைத் தொடவில்லை. படிக்காவிட்டால் ஓட்டு இல்லை என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஓட்டுப் போடுகிற அன்று காலையில் மூக்கைச் சுளித்துக்கொண்டு வாங்கிப்போனாள். மதியம் சாப்பிட ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தால், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். வந்து நாலு கதையும் சொன்னாள்; பீரோவுக்குப் பின்னால் போய் ஓட்டுப் போட்டாள்.

எண்ணிப் பார்த்ததில் ஒரே ஓட்டில் ஆமை ஜெயித்துவிட்டது. ஆட்டுக் கட்சியில் அழுகை. புவனா எழுந்து, தான் போட்டது ஆமைக்கு என்றாள். அவ்வளவுதான், ‘மொட்டைக்குப் பயந்துட்டா!’ என்று வகுப்பே பிடித்துக்கொண்டது. எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது: “ஆமை அதவிட நல்லா கீது மிஸ், நா என்னா பண்றது?”

திங்கட்கிழமை

திங்கட்கிழமை புவனாவின் இரட்டைச் சடையைக் காணோம். தலை நிறையச் சந்தனம். எனக்கு வந்த சந்தோஷத்தில், புடவையில் ஒட்டினால் ஒட்டட்டும் என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். ‘ஆடு தோத்துப்போச்சே, ஏண்டி மொட்டை?’ என்றேன். இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள்: “நல்ல புக்கு ஜெயிக்கணும்னுதான மிஸ் வேண்டிகினேன், ஜெயிச்சிடிச்சில்ல?”

எல்லாவற்றையும் படித்த பிறகுதான் ஓட்டு என்ற விதி பெரியவர்கள் தேர்தலுக்கும் வந்து, எல்லாக் கட்சி அறிக்கையையும் படிக்கச் சொன்னால், வாக்காளர் பட்டியலிலிருந்து முதலில் நீக்குவது இந்தத் தமிழ் டீச்சர் பேராகத்தான் இருக்கும்.