நெத்திலிக் காவலும் நேர்காணலும்

மினி பஸ் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போனாலும் "நிறுத்துங்க" என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஆள் இறங்கும் இடத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிறவள் நான். நாற்பத்திரண்டு வயதுவரை அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன்.

துறைமுகச் சாலையில், கப்பல் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து எடுத்துக்கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் கன்டெய்னர் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. பிளஸ் டூ படிப்புக்கு அதுவே பெரிது என்று இருந்தேன். ஒருநாள் யூடியூபைப் பார்த்து, எண் தப்பாக விழுந்தால் கட்டம் தானாகச் சிவப்பாகும்படி ஒரு ஃபார்முலா போட்டேன். முதல் கட்டம் சிவந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. நான் சொன்னதை ஒன்று கேட்கிறதே!

அதற்குப் பிறகுதான் ஃபோனில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பெண்களுக்கான கோடிங் பயிற்சி, ஆன்லைனில், மாலை நேரத்தில். கட்டணம் கட்டிப் படிப்பது எங்கள் வீட்டில் நடக்கிற காரியம் இல்லை. நேர்காணலில் தேறினால் ஸ்காலர்ஷிப் உண்டு என்று போட்டிருந்தது. கணவரிடம்கூடச் சொல்லாமல் விண்ணப்பித்தேன். கிடைக்காவிட்டால் யாருக்கும் தெரியாமலே போகட்டும் என்ற எண்ணம்தான்.

நேர்காணல் சனிக்கிழமை காலை, வீடியோ காலில். வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. நல்ல சேலை கட்டி, ஃபோனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். பக்கத்து வீட்டு அக்கா பிடித்துக்கொண்டார்.

"ஏளா, மாடிக்கா போற? வலைய விரிச்சு நெத்திலி காயப் போட்டிருக்கேன். ரேஷன் கடைக்குப் போயிட்டு வந்திருதேன், காக்கா வராம பாத்துக்கிடு."

முடியாது என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார். "சரிக்கா" என்றேன்.

ஃபோனில் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு மேடம், ஓர் இளைஞர். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். ஒரு வாரமாக மனப்பாடம் செய்ததை எனக்கே கேட்காத குரலில் சொன்னேன்.

"கொஞ்சம் சத்தமா பேசுறீங்களா? ஒண்ணுமே கேக்கல" என்றார் மேடம்.

அந்த நேரம் பார்த்து ஒரு காக்கா கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்தது. ஃபோனில் தெரியாதபடி கையை ஆட்டினேன். அது போகவில்லை, இன்னும் இரண்டைக் கூட்டிவந்தது. "இந்தப் பயிற்சியில் சேர ஏன் ஆசைப்படுறீங்க?" என்று மேடம் கேட்டபோது ஒன்று நேராக வலைமேல் இறங்கி நெத்திலியைக் கொத்திவிட்டது.

"ஏய்! போ! போ சனியனே!"

என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். ஃபோனில் மேடம் சட்டென்று பின்னால் சாய்ந்தார்.

"ஐயோ மேடம், உங்கள இல்ல, காக்காவ" என்றேன். ஃபோனைத் திருப்பி நெத்திலியைக் காட்டினேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்த இளைஞர் கேட்டார்: "சரி, இந்தக் காவலை ஒரு மெஷின்கிட்ட ஒப்படைக்கிறீங்க. அதுக்குத் தானா ஒண்ணும் தெரியாது. என்னென்ன சொல்லிக்கொடுப்பீங்க?"

யோசித்தேன். "பறவை வந்தா பாக்கணும். சிட்டுக்குருவின்னா விட்டுறலாம். காக்கா சுவர்ல இருந்தா சும்மா பாத்துக்கிட்டே இருக்கணும், கீழ இறங்குனா கத்தணும். அக்கா வந்து அள்ளிட்டா நிறுத்திறணும். அதையும் சொல்லணும் சார், இல்லன்னா வெறும் மாடியப் பாத்துக் கத்திக்கிட்டே கெடக்கும்."

"பூனை வந்தா?"

பூனையை நான் மறந்தே போயிருந்தேன். "அது பாட்டுக்குத் தின்னுட்டுப் போயிரும் சார்" என்றேன். அவர் மறுபடி சிரித்தார். நான் விடவில்லை. "இருங்க, மாத்திக்கிடுதேன். பறவைன்னு சொல்லக் கூடாது. மீன் பக்கத்துல எது வந்தாலும் பாக்கச் சொல்லணும்."

அதன் பிறகு பேச்சு எப்படி ஓடியது என்றே தெரியவில்லை. சிவப்புக் கட்டத்தைப் பற்றிக்கூடச் சொன்னேன். ஏன் ஆசைப்படுகிறேன் என்பதற்கு அதுதான் பதில் என்று சொல்லும்போதே புரிந்தது.

முடிக்கப் போகும்போது அக்கா வந்துவிட்டார். என் தோளுக்கு மேலே தலையை நீட்டி, "யாருளா இவிய? ஒன் மவளப் பொண்ணு கேக்காவளா?" என்றார். விஷயத்தை மேடமே அவருக்கு விளக்கினார். அக்கா ஃபோனைப் பார்த்துக் கும்பிட்டார். "இவ வாயத் தொறக்கவே மாட்டா. இன்னைக்குத்தான் தொறந்திருக்கா. பாத்துச் செய்யுங்க தாயி."

நான் யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைத்தது அன்று மாலைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. "மாடில யாரையோ சனியன்னு ஏசுனியாமே?" என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார் கணவர். அடுத்த நாளிலிருந்து தண்ணீர் பிடிக்கப் போனாலும் பால் வாங்கப் போனாலும் ஒரே கேள்வி: "என்னளா, ரிசல்ட் வந்துட்டா?" கிடைக்காவிட்டால் இத்தனை பேருக்கு எப்படிப் பதில் சொல்வேன் என்று பயந்து, "இன்னும் இல்ல" என்று மட்டும் சொல்லி நழுவினேன்.

மெயில் வந்தபோது ஆபீஸில் இருந்தேன். மூன்று தடவை படித்தேன். முழு ஸ்காலர்ஷிப்.

மாலையில் மினி பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெருமுனைக் கடையில் அக்கா நிற்பது தெரிந்தது. பக்கத்தில் இன்னும் நாலைந்து பேர். அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னாலேயே, சாலைக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே சொன்னேன்:

"எக்கா, எனக்குக் கெடச்சிட்டு!"