ஏழாவதாக நின்றவள்

கன்னிமாரை நம்பி விளக்கேற்றுகிற எல்லோருக்கும் பூங்காவனம் எழுதுவது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

சீனச் சண்டை நடந்ததற்கு அடுத்த வருஷம், சித்திரை மாதம். வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் நாங்கள் ஏழு பேர் ஒரு ஆபீசர் முன்னால் நிற்க வேண்டும். நின்றால் எங்கள் சங்கம் பிழைக்கும். ஒருத்தி குறைந்தாலும் சங்கம் இல்லை, அதற்குப் பிறகு எங்களுக்கு வேலையும் இல்லை. வியாழக்கிழமை வரைக்கும் நாங்கள் ஆறு பேர்தான் இருந்தோம். நான் யார் முன்னாலும் அழுகிறவள் இல்லை. அன்றைக்குக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து அழுதேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

நெய்வேலியில் இப்போது சுரங்கம் இருக்கிற இடத்தில்தான் எங்கள் ஊர் இருந்தது. ஏரிக்கரையில் ஏழு கன்னிமார். கோயில் என்று கட்டிடம் கிடையாது. முழங்கால் உயரத்துக்கு ஏழு கல், வரிசையாக. ஊரில் ஏழு வகையறா, வகையறாவுக்கு ஒரு கல். அவரவர் கல்லுக்கு அவரவர்தான் மஞ்சள் பூசலாம். அடுத்த வகையறாவின் கல்லில் விரல்கூடப் படக்கூடாது. இன்னொன்றும் உண்டு. படைத்துவிட்டு எழுந்தால் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். பின்னால் யாரோ வருகிற மாதிரி இருந்தாலும் பார்க்கக் கூடாது.

சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது கன்னிமாரையும் புது இடத்துக்குக் கொண்டுபோக நாள் குறித்தார்கள். ஆறு வகையறாவும் வந்து அவரவர் கல்லைத் தூக்கிக்கொண்டோம். ஏழாவது வகையறா அதற்கு முன்பே நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டது. சொல்லி அனுப்பியும் யாரும் வரவில்லை. இடது ஓரத்தில் இருந்த கடைசிக் கன்னியைத் தூக்க ஆள் இல்லை. நாங்கள் தொடவும் முடியாது. விட்டுவிட்டு வந்தோம்.

அப்புறம் போய்ப் பார்த்தபோது ஏரிக்கரையே இல்லை. சக்கரத்தில் வாளி வாளியாகக் கட்டிய மிஷின் ஒன்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. அவள் நின்ற இடத்தில் மண்கூட இல்லை, வெறும் காற்று. கீழே பெரிய பள்ளம். பள்ளத்துக்குள் ஊறுகிற தண்ணீரை ராப்பகலாக இறைக்கிற பம்புகளின் சத்தம். அந்தச் சத்தம் எங்கள் காதிலேயே குடியிருந்தது.

புது இடத்தில் ஆறு கல்லை நட்டு, இடது ஓரத்தில் ஒரு கல் அளவுக்கு இடம் விட்டோம். அந்த வெறும் தரைக்கும் ஒரு பூ வைப்போம், ஒரு கை தண்ணீர் தெளிப்போம். எந்த வெயிலிலும் அந்த இடம் காயாது. மற்ற கற்களைச் சுற்றி மண் வெடித்துக் கிடக்கும், அங்கே மட்டும் ஈரம் இருக்கும். இதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். யாரும் யாரிடமும் பேசியதில்லை.

ஊர் போனபின் நாங்கள் ஒரு காண்ட்ராக்டரிடம் கூலிக்குப் போனோம். வெட்டி எடுத்த கரியை மலை மாதிரி குவித்து வைத்திருப்பார்கள். அது வெயிலில் கிடந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். நெருப்பு கண்ணுக்குத் தெரியாது, புகை மட்டும் வரும். புகைகிற இடத்தில் மண்ணைக் கொட்டி மிதித்து மூட வேண்டும், வெறுங்காலோடு. மேலே கறுப்பாகச் சும்மா கிடக்கிற மாதிரி இருக்கும். உள்ளே எரிந்து பொந்தாகியிருக்கும். நடந்தால் காலுக்குக் கீழே யாரோ பெருமூச்சு விடுகிற சத்தம் கேட்கும்.

காலுக்குப் பூட்ஸ் கேட்டோம். காண்ட்ராக்டர் சிரித்தார். அப்போதுதான் கடலூர் வக்கீல் ஒருவர் எங்களுக்கு வழி சொன்னார். ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் சங்கம் பதிவாகும் என்றார். நிறைய பேரைக் கேட்டோம். சங்கத்தில் சேர்ந்தால் புருஷனுக்குச் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை கிடைக்காது என்று காண்ட்ராக்டரின் மேஸ்திரி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். துணிந்தவர்கள் ஏழே பேர். நான் என் பேரை எழுதக் கற்றது அதற்காகத்தான். ஏழாவதாகக் கையெழுத்துப் போட்டவள் அஞ்சலை. சின்னப் பெண். நெல்லிக்குப்பம் போன ஏழாவது வகையறாவில் பிழைப்புக்காகத் திரும்பி வந்தவள் அவள் ஒருத்திதான்.

"இன்னா பூங்காவனம், பிரசிடெண்டு ஆயிட்டியாமே. இனிமே கூடைய தூக்க ஒரு ஆள் வச்சிக்குவியா?" என்றான் மேஸ்திரி.

"நீதான் சும்மா நின்னுகினு இருக்கியே மேஸ்திரி. நீ தூக்கேன்," என்றாள் தனபாக்கியம். எங்கள் ஏழு பேரில் வாய் உள்ளவள் அவள்.

காண்ட்ராக்டர் எங்களோடு பேச மாட்டேன், அப்படி ஒரு சங்கமே இல்லை என்றார். வக்கீல் வழக்குப் போட்டார். அதற்குக் காண்ட்ராக்டர், இந்த ஏழு பேரும் யாரென்றே எனக்குத் தெரியாது, இவர்கள் என்னிடம் வேலை செய்ததே இல்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார். ஆனால் அந்தக் குவியலில் ஏற வேறு ஆள் கிடைக்காததால் தினமும் எங்களையே வேலைக்கு வைத்துக்கொண்டார். குவியலில் தெரியும் எங்களை, கோர்ட்டில் மட்டும் தெரியாது.

மாசி மாதம் அஞ்சலையின் வலது கால் முழங்கால் வரைக்கும் குவியலுக்குள் இறங்கிவிட்டது. இழுத்துப் போட்டோம். அவள் கத்தக்கூட இல்லை. காண்ட்ராக்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு இது? நம்ம ஆள் இல்லியே. கரி பொறுக்க வந்திருப்பா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளைக் கட்டிலோடு வண்டியில் ஏற்றி நெல்லிக்குப்பத்தில் அவள் அம்மா வீட்டில் விட்டோம். கால் சீழ் வைத்தது. ஜுரம் விடவில்லை. பேச்சும் நின்றுவிட்டது.

இந்த நிலையில்தான் கோர்ட்டு ஒரு ஆபீசரை அனுப்பியது. ஏழு பேரும் வேலை செய்கிற இடத்திலேயே நிற்க வேண்டும், அவர் பேர் கூப்பிட்டுக் கேட்பார். வக்கீல் எங்களிடம் ஒளிக்காமல் சொன்னார்: "ஏழுல ஒண்ணு கொறஞ்சா, சங்கம்னு சொல்ல ஆளே இல்லன்னு வழக்கத் தள்ளிடுவாங்கம்மா. எப்படியாவது அந்தப் பொண்ணக் கொண்டாங்க." போய்ப் பார்த்தோம். தூக்கினால் உயிர் தங்காது என்கிற மாதிரி கிடந்தாள். வெறுங்கையோடு திரும்பினோம்.

வியாழக்கிழமை உச்சி வேளையில் நான் மட்டும் கன்னிமாரிடம் போனேன். ஆறு கல்லுக்கும் கும்பிடு போட்டேன். பிறகு அந்த வெறும் இடத்தின் முன்னால் உட்கார்ந்தேன்.

"தாயே, நீங்களும் ஆறு பேரு, நாங்களும் ஆறு பேரு," என்றேன். "உன்ன நாங்க தூக்கல. ஊர்க் கட்டு அப்படி. ஆனா ஒரு நாளும் மறக்கல. உன் வூட்டுப் பொண்ணு கால் வெந்து கெடக்கறா. அவ யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டாங்க. நாளைக்கு ஒரு ஆள் கொறையுது. நீ எங்க இருந்தாலும் வந்து நில்லு."

சொல்லி முடித்ததும் காதில் என்னவோ குறைந்தது. பம்பு சத்தம் நின்றுவிட்டது. ஒரு இலைகூட அசையவில்லை. எழுந்து நடந்தேன். எனக்குப் பின்னால் ஈரக் கால் வைத்து யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்டது. சொத், சொத் என்று, அவசரமில்லாமல். வீட்டு வாசல் வரைக்கும் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் கால் வைத்ததும் பம்பு சத்தம் மறுபடி கேட்டது.

வெள்ளிக்கிழமை. குவியல் என்றைக்கும் இல்லாத அளவுக்குப் புகைந்தது. நாங்கள் ஆறு பேரும் முகத்தில் துணி சுற்றிக்கொண்டு வரிசையாக நின்றோம். இடது ஓரத்தில் நான். எனக்கு இடப்பக்கம் யாரும் இல்லை, புகைதான். காண்ட்ராக்டரும் மேஸ்திரியும் தள்ளி நின்றார்கள். ஆபீசர் குமாஸ்தாவோடு வந்தார். வலது ஓரத்தில் நின்ற தனபாக்கியத்திலிருந்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, இங்கே வேலை செய்கிறாயா, சங்கத்தில் இருக்கிறாயா என்று கேட்டார். ஒவ்வொருத்தியும் "ஆமாங்க" என்றாள். என் பேர் வந்தது. நானும் சொன்னேன்.

"அஞ்சலை," என்றார்.

கண்ணை மூடிக்கொண்டேன். பம்பு சத்தம் நின்றது. அந்தக் கொதிப்பில் என் இடது தோள் மட்டும் சில்லென்று ஆனது. ஏரியில் முங்கி எழுந்தவள் பக்கத்தில் வந்து நின்றால் எப்படி இருக்கும், அப்படி. பாசியும் மஞ்சளும் கலந்த வாசனை.

"ஆமாங்க."

என் காதுக்குப் பக்கத்தில், சின்னக் குரலில்.

செருப்புச் சத்தம் என்னைத் தாண்டிப் போய் நின்றது. "என்னம்மா, கால் எல்லாம் ஈரமா இருக்கே," என்றார் ஆபீசர். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு குமாஸ்தாவிடம், "ஏழு பேர். சரியா இருக்கு. போகலாம்," என்றார். அவர் குரல் மாறியிருந்தது.

அவர்கள் போனபின் நான் கண்ணைத் திறந்தேன். இடப்பக்கம் திரும்பவில்லை, குனிந்து தரையை மட்டும் பார்த்தேன். சாம்பலில் ஒரு ஜோடிக் கால் தடம். அந்தச் சூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் உஸ்ஸென்று ஆவியாகிவிடும். அந்த ஈரம் அப்படியே இருந்தது.

"யக்கா, அஞ்சல எப்ப வந்தா? யாரு தூக்கியாந்தது?" என்று தனபாக்கியம் அந்தக் கோடியிலிருந்து கேட்டாள்.

யாரும் அவளைத் தூக்கி வரவில்லை. அன்று சாயங்காலமே பஸ் பிடித்து நானும் தனபாக்கியமும் நெல்லிக்குப்பம் போனோம். அஞ்சலை அதே கட்டிலில் கிடந்தாள். வேர்த்திருந்தது.

"இவ எங்கம்மா போவா? கண்ணே தொறக்கல," என்றாள் அவள் அம்மா. "உச்சி நேரத்துல மட்டும் ‘ஆமாங்க’ன்னு ஒரு வார்த்தை சொன்னா. யாருக்குடி சொல்றன்னு கேட்டேன். அப்புறம் ஒடம்பெல்லாம் வேத்து ஊத்திச்சு. ஜுரம் எறங்கிடுச்சு."

தனபாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வழி முழுக்க அவள் பேசவில்லை. அவள் வாய் மூடி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

ஆனி மாதம் வழக்கு வந்தது. காண்ட்ராக்டரின் வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றினார். உன் இடப்பக்கம் நின்றது யார் என்று கேட்டார். எங்கள் வக்கீல் முகம் வெளுத்துவிட்டது. நான் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"என் சோத்தாங்கைப் பக்கம் அஞ்சு பேரு நின்னாங்க. பீச்சாங்கைப் பக்கம் நான் பாக்கலிங்க," என்றேன்.

"பக்கத்துல நின்ன ஆளை ஏம்மா பாக்கல?"

"பாக்கக் கூடாதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. ஆபீசரைக் கூப்பிட்டார்கள். அவர், "ஏழாவது ஆள் நின்றாள். அவள் கால் ஈரத்தைப் பார்த்தேன். முகத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை," என்றார்.

அதற்குமேல் காண்ட்ராக்டரால் பொறுக்க முடியவில்லை. தானே எழுந்து நின்றார்.

"அது எப்படிங்க முடியும்? அந்த அஞ்சல மாசி மாசமே எங்க குவியல்ல கால் வெந்து நெல்லிக்குப்பத்துல கெடக்கறாளுங்க. நான்தான் கண்ணால பாத்தேனே."

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"இந்த ஏழு பேரையும் யாரென்றே தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே," என்றார்.

காண்ட்ராக்டர் என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் என் இடப்பக்கம் பார்த்தார். அங்கே எதைப் பார்த்தாரோ தெரியாது. தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். என் இடது தோள் சில்லென்று இருந்தது.

ஏழு பேரும் அவருடைய ஆட்கள், சங்கம் உண்மை, அதை ஒப்புக்கொண்டு அதோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று தீர்ப்பானது. அஞ்சலையின் வைத்தியம் அவர் பொறுப்பு. பூட்ஸ் வந்தது. பயந்து ஒதுங்கியிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். "யாரு இது" என்று எங்களைப் பார்த்து அதன்பின் யாரும் கேட்கவில்லை.

அஞ்சலை கால் விந்தினாலும் நடந்தாள். நடக்க ஆரம்பித்ததும் நேரே கன்னிமாரிடம்தான் வந்தாள். அவள் வகையறா ஆட்களும் வந்து, அந்த இடத்தில் புதுக் கல் நட்டுவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அது காலி இடம் இல்லையே. அஞ்சலையும் வேண்டாம் என்றாள். அந்த ஈரத் தரைக்கு அவள் தன் கையால் மஞ்சள் பூசினாள். அவள் வகையறாக் கை பட்டு எத்தனை காலம்.

அதுவரைக்கும் நான் பயந்து பயந்து கும்பிட்டவள். அன்றிலிருந்து என் பக்கத்தில் ஆள் உண்டு என்று தெரிந்து கும்பிடுகிறேன். எந்த ஆபீசுக்குப் போனாலும், எந்தக் கூட்டத்தில் நின்றாலும், இடப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டுத்தான் நிற்பேன். சின்னஞ்சிறுசுகள் கேலி செய்யும். செய்யட்டும்.

இதைப் படிக்கிறவர்களில் ஆள் குறைவு, துணை இல்லை, நம்மை யாரென்றே தெரியாது என்கிறார்களே என்று கலங்கி நிற்கிறவர்கள் இருப்பீர்கள். உச்சி வேளையில் போய்க் கேளுங்கள். கேட்டுவிட்டு, நிற்க வேண்டிய இடத்தில் போய் நில்லுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விடுங்கள்.

தோள் சில்லென்று ஆகும். திரும்பிப் பார்க்காதீர்கள்.